நோயில் இருக்கும் முயலின் அழுக்கு முடி: தண்ணீரா, மாவா, கத்தரியா?

முயல் தன் உடம்பைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை நக்குவதிலும் முடியைக் கோதுவதிலும் கழிக்கும். அப்படிப்பட்ட முயலின் பின்புறத்தில் புழுக்கை அப்பி, கிட்டே போனாலே மூத்திர நெடி அடிக்கிறது என்றால், அதனால் திரும்பிக் குனிய முடியவில்லை என்று பொருள். பல் நோவாக இருக்கலாம். முதுகு, இடுப்பு மூட்டு வலியாக இருக்கலாம். உடம்பு பெருத்திருக்கலாம், கழிச்சல் பிடித்திருக்கலாம். காரணம் எதுவானாலும், அது செய்ய முடியாத வேலையை இப்போது நாம் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பதில்தான் வீட்டுக்கு வீடு கருத்து மாறுகிறது.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோரத்தில் முயல் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊர் வெயில், உப்புக் காற்று, கிணற்றுத் தண்ணீர், ஈ என்று கணக்கே வேறு.

முதலில் முயலைப் பாருங்கள், அழுக்கை அப்புறம் பார்க்கலாம்

எந்த வழி என்று முடிவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை உண்டு. முயல் சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா? பன்னிரண்டு மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் குடல் இயக்கம் நின்றிருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் முடியைச் சுத்தம் செய்துகொண்டு உட்காரக் கூடாது.

அடுத்து காதையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். முயலின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ், நம்மை விட அதிகம். காது சில்லென்று இருந்து, முயல் துவண்டு கிடந்தால் உடல் வெப்பம் இறங்கியிருக்கலாம். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக் கதகதப்பாக்கி, மருத்துவரைத் தேடுங்கள். காது கொதித்து, வேகமாக மூச்சு வாங்கினால் அது வெப்பத் தாக்கு. அதற்கு ஈரத் துணியால் காதைத் துடைப்பது முதலுதவி. குளிர்ந்த நீரில் முக்குவது முதலுதவி ஆகாது.

கடைசியாக முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா, வெள்ளை வெள்ளையாகச் சிறு முட்டைகள் ஒட்டியிருக்கின்றனவா? இவற்றுக்குக் கிடைக்கும் பதில்தான் கீழே உள்ள வழிகளில் எது உங்களுக்கு என்று சொல்லும்.

அப்படியே விட்டுவைப்பது

"உடம்பு சரியானதும் அதுவே நக்கிக்கொள்ளும், இப்போது தொல்லை செய்ய வேண்டாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேல்முடியில் காய்ந்த மண்ணோ தூசியோ ஒட்டியிருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். நோயில் இருக்கும் முயலுக்கு யாரும் தொடாமல் இருப்பதே பாதி மருந்து.

ஆனால் அழுக்கு ஈரமாக, வாலடியில் இருந்தால் நம் கரையில் இந்த வழியே கிடையாது. கருவாடு காயும் இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மீன் இறங்கும் இடம், ஐஸ் தண்ணீர் தேங்கும் இடம், குப்பை என்று ஈ இல்லாத நாளே இல்லை. மூத்திரமும் மலமும் ஊறிய முடியைத் தேடி வந்து அந்த ஈ முட்டையிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரியும், சூட்டில் இன்னும் சீக்கிரம். வெளிவரும் புழு தோலுக்குள் துளைத்துக்கொண்டு போகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் புழு வைப்பதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முயல் சின்ன உடம்பு, அதனால் காலையில் முட்டையாக இருந்தது மறுநாள் உயிரைக் குடிக்கும் நிலைக்குப் போய்விடும்.

எனவே ஈரமான பின்புறத்தை "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட வேண்டாம். இன்றைக்கே ஏதாவது ஒரு வழி வேண்டும்.

முழுக் குளியல்

"ஒரு சோப்பு போட்டு நல்லா குளிப்பாட்டி விடுங்கக்கா, நாத்தம் போயிரும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நாய்க்கு அது சரி. முயலுக்கு, அதிலும் நோயில் இருக்கும் முயலுக்கு, எல்லா வழிகளிலும் ஆபத்தானது இதுதான். நான் இதை எந்தச் சூழ்நிலையிலும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முயலின் அடிமுடி மிக அடர்த்தி. ஒரு தடவை தோல் வரை நனைந்தால் காய வெகு நேரம் பிடிக்கும். அதுவரை உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் ஊரில் குளிர் எப்படி அடிக்கும் என்று கேட்கலாம். ஏற்கெனவே சாப்பிடாமல் பலவீனமான முயலுக்கு மே மாதத்திலும் வெப்பம் இறங்கும். இரண்டாவது, பயம். முயல் வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனம். தண்ணீரில் பிடித்து அழுத்தினால் அதற்கு அது வேட்டை விலங்கின் பிடிதான். பயத்தில் குடல் இயக்கம் நிற்கும், சில முயல்கள் அதிர்ச்சியிலேயே செத்தும் போகும். மூன்றாவது, எலும்பு. உடல் எடையோடு ஒப்பிட்டால் முயலின் எலும்புக்கூடு மிக லேசு, பின்னங்கால் தசையோ பலமானது. வழுக்கும் வாளியில் ஓங்கி உதைத்தால் தன் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அதற்கு அப்புறம் பின்னங்கால்கள் வருவதில்லை.

சோப்பு, டெட்டால், தலைக்குப் போடும் ஷாம்பு எதுவும் வேண்டாம். மஞ்சள், வேப்பெண்ணெய், கற்பூரம் போட்ட எண்ணெயும் வேண்டாம். நாம் தடவும் எதையும் முயல் நக்கி உள்ளே அனுப்பிவிடும் என்பதை ஒரு கணம்கூட மறக்கக் கூடாது.

கடல் தண்ணீரில் முக்கினால் புண் ஆறும் என்று கரையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. மனிதர் காலுக்குச் சொன்னதை முயலுக்குச் செய்ய வேண்டாம். உப்பு, காய்ந்த பிறகும் முடியில் தங்கும். சிவந்த தோலை அது மேலும் எரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். கடற்கரை மணலில் புரள விடுவதும் உதவாது. மணல் குளியல் சின்சில்லா என்ற வேறொரு பிராணிக்கு உரியது. நம்மிடம் இருக்கும் சோவியத் சின்சில்லா பெயரில் மட்டும் அதை ஒத்த முயல்தான்.

மாவு போட்டுச் சுத்தம் செய்வது

தண்ணீரே இல்லாத வழி என்பதால் பலவீனமான முயலுக்கு முதலில் நினைக்க வேண்டியது இது. கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டால் கிடைக்கும் பளீரென்ற வெள்ளை மாவுதான் வேண்டும். தோசைக்கு அரைக்கும் சோள மாவோ, மஞ்சள் நிற மக்காச்சோள மாவோ வேண்டாம். குழந்தைகளுக்குப் போடும் டால்கம் பவுடரையும் தொடாதீர்கள். அந்தத் தூள் முயலின் மூச்சுக்குழாய்க்குக் கெடுதல், வாசனைப் பொருளும் கலந்திருக்கும்.

முயலைத் தரையில் விரித்த துண்டின் மேல், உங்கள் மடிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், மாவு பறந்து அதன் மூக்குக்குப் போகக் கூடாது. அழுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மாவை விரலால் முடிக்குள் அழுத்துங்கள். புழுக்கை ஒட்டியது மெதுவாக வழுக்கி விலகும். அப்புறம் பல் நெருக்கமான சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகத் தோல் பக்கம் போகலாம். கடைசியில் மாவு முழுவதையும் தட்டித் துடைத்து எடுத்துவிட வேண்டும். தங்கிய மாவு எறும்பைக் கூட்டும்.

இதன் எல்லை எங்கே என்றால், அழுக்கு காய்ந்தோ அரை ஈரமாகவோ இருக்கும்போது மட்டும்தான் இது அருமை. கழிச்சலில் சொதசொதவென்று நனைந்த முடியில் மாவைப் போட்டால் பசையாகிவிடும், காய்ந்ததும் கட்டி இறுகும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடையும் சேர்ந்து காற்றே ஈரமாக இருக்கும்போது மாவு டப்பாவிலேயே கட்டி பிடிக்கும். அந்த மாதங்களில் இந்த வழி பாதிதான் பலன் தரும். ஆடிக் காற்று அடிக்கும் காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு செய்தால், இதை விட நல்ல வழி இல்லை. தோலில் புண் இருந்தால் மட்டும் எந்தக் காலத்திலும் மாவு வேண்டாம், புண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

ஈரத் துணி

முகம், தாடை, கால் நுனி போன்ற இடங்களுக்கு இது போதும். பல் நோவால் எச்சில் ஒழுகித் தாடை நனைந்த முயலுக்கு, வெதுவெதுப்பான நீரில் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் சரி. தோல் சிவந்திருந்தால் மருந்துக் கடையில் விற்கும் நார்மல் சலைன் நல்லது, பஞ்சை அதில் நனைத்து ஒற்றலாம். குழந்தைகளுக்கான ஈர டிஷ்யூ எடுப்பதானால் வாசனையோ ஆல்கஹாலோ இல்லாததாகப் பார்க்க வேண்டும். எனக்கு அதை விடப் பழைய பனியன் துணி மேல். தேய்க்க வேண்டாம், ஒற்றுவது மட்டும்தான்.

பின்பகுதியை மட்டும் கழுவுவது

கழிச்சலோ மூத்திரமோ ஊறி, மாவுக்கும் துணிக்கும் அடங்காத நிலை வந்தால் இதுதான் மிச்சம். முழுக் குளியலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தலை, காது, முதுகு, வயிறு எதுவும் நனையாது. வாலும் அதைச் சுற்றிய இடமும் மட்டும். முயல் தெம்பாக இருக்க வேண்டும், காது கதகதப்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இதைச் செய்யாதீர்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கரையில் பல வீடுகளில் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் முடி விறைக்கும், சிவந்த தோல் காந்தும். குடிப்பதற்கு வைத்திருக்கும் காவிரித் தண்ணீரையோ விலைக்கு வாங்கிய குடத் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அருமையான ஊர்தான், ஆனால் இதற்கு ஒரு குடம்கூட வேண்டாம், இரண்டு செம்பு போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும்.

அகலமான பிளாஸ்டிக் பேசினில் ஒரு துணியை மடித்துப் போடுங்கள், கால் வழுக்காது. இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் போதும். ஒருவர் முயலின் நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்து, முன்னங்கால்களைப் பேசின் விளிம்பில் விரித்த துண்டில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கையால் தண்ணீரை அள்ளி விட்டு, ஒட்டியதை ஊற வைத்து விரலால் கரைத்து எடுக்க வேண்டும். ஒரே ஆள் செய்வதற்கு இது ஏற்ற வேலை இல்லை. முயலை மல்லாத்திப் பிடிக்க வேண்டாம். அப்படிப் பிடித்தால் அது அசையாமல் கிடப்பதைப் பார்த்து அமைதியாகிவிட்டது என்று நினைப்பார்கள், உண்மையில் அது பயத்தில் விறைத்த நிலை. ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பாருங்கள். அதற்குள் எல்லாம் போகவில்லை என்றால் மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைக்கலாம், அல்லது கத்தரிக்கலாம்.

கழுவுவதை விடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. முதல் துண்டு நனைந்ததும் இரண்டாவது, அது நனைந்ததும் மூன்றாவது என்று ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், எட்ட வைத்து, காற்று படும் இடத்தில் உங்கள் கையையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குச் சூடாகத் தெரிந்தால் அதற்கு அது அதிகம். சத்தத்துக்கு மிரளும் முயலுக்கு டிரையரே வேண்டாம். வெயிலில் வைத்துக் காயவைக்கக் கூடாது. 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் திணறும், நம் ஊர் மதியம் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும். முடியை விலக்கித் தோலைத் தொட்டுப் பார்த்து, அங்கேயும் ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே கூண்டில் விட வேண்டும். மேல்முடி காய்ந்து அடிமுடி ஈரமாக இருந்தால் தோல் ஊறிப் போகும், ஈயும் அங்கேதான் வரும்.

அதனால் இந்த வேலைக்கு நல்ல நேரம் காலை வெயில் ஏறுவதற்கு முன். சாயங்காலம் தொடங்கினால் இரவுக்குள் அடிமுடி காயாது, மழைக்காலத்தில் நிச்சயம் காயாது.

கத்தரித்துவிடுவது

சடை பிடித்த முடியைக் கழுவிக் கழுவிப் பிரிக்க நினைப்பதை விட, அதை வெட்டி எடுப்பதே முயலுக்குச் சுலபம் என்பது என் கருத்து. சடை நனைந்தால் இன்னும் இறுகும். திரும்பத் திரும்ப அழுக்காகிற முயலுக்கு, உதாரணமாகப் பின்னங்கால் ஓய்ந்துபோன வயதான முயலுக்கு, வாலடி முடியைக் குட்டையாக வைத்திருப்பது தினசரித் தொல்லையைக் குறைக்கும்.

ஆனால் கத்தரி பயப்பட வேண்டிய கருவி. முயலின் தோல் மெல்லியது, சடையை இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வரும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. முனை மழுங்கிய கத்தரி வேண்டும். சடைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்ட வேண்டும். சீப்பு நுழையாத அளவுக்குச் சடை தோலோடு ஒட்டியிருந்தால் அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. பாதத்துக்கு அடியில் உள்ள முடியை ஒருபோதும் வெட்டாதீர்கள். நாய், பூனைக்கு இருப்பது போன்ற பாத மெத்தை முயலுக்குக் கிடையாது, அந்த முடிதான் அதன் மெத்தை. அது போனால் சிமெண்ட் தரையிலும் கம்பிக் கூண்டிலும் பாதம் புண்ணாகும்.

எந்த நிலையில் எது

நான் முதலில் கை வைப்பது மாவில். அதற்கு அடங்காத இடத்தில் கத்தரி. இரண்டும் போதாமல், முயலும் தெம்பாக இருந்தால் மட்டும் பின்பகுதிக் கழுவல். தோல் வெந்து சிவந்திருந்தால் சலைன் ஒற்றலோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் போவேன். புழுவோ ஈ முட்டையோ தெரிந்தால் எதையும் ஊற்ற மாட்டேன். கண்ணுக்குத் தெரியும் புழுக்களை இடுக்கியால் எடுத்துக்கொண்டே கிளம்ப வேண்டியதுதான், உள்ளே போனவற்றை எடுக்கவும் வலிக்கு மருந்து கொடுக்கவும் மருத்துவரால்தான் முடியும்.

இதோடு காரணத்தையும் தேட வேண்டும், இல்லாவிட்டால் நாளை மறுநாள் மறுபடியும் அதே பேசின். ஒட்டியிருப்பது கழிச்சலா, மென்புழுக்கையா என்று பாருங்கள். முயல் இருவகைப் புழுக்கை போடும். கெட்டியான உருண்டை ஒன்று. திராட்சைக் கொத்து மாதிரி பளபளப்பாக, மெத்தென்று வருவது இன்னொன்று, அதை முயல் நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும். தின்ன முடியாதபோது அது பின்புறத்தில் நசுங்கி ஒட்டும். பிஸ்கட், சோறு, பிரெட், பழம் அதிகமாகக் கொடுத்தால் இது கூடும். அவற்றை நிறுத்தி, காய்ந்த புல்லை எப்போதும் கிடைக்கும்படி வைத்தாலே பல முயல்களுக்குப் பின்புறம் சுத்தமாகிவிடும்.

மூத்திரம் சுண்ணாம்புக் கரைசல் போல வெள்ளையாக, கெட்டியாக வந்தால் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைப் பாருங்கள். முயல் தின்பதில் உள்ள கால்சியத்தை உடம்பு அப்படியே உள்ளே எடுத்து, மிச்சத்தை மூத்திரத்தில்தான் வெளியேற்றும். அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் எளிதாகக் கிடைக்கிறதென்று தினமும் கட்டுக் கட்டாகப் போடும் வீடுகளில் இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். அவை இடையிடையே கொஞ்சம் போதும்.

வீட்டில் இருக்கும் மருந்துகளில் இரண்டை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு உண்ணி போக வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம். மிச்சம் கிடக்கும் அமாக்சிசிலின் மாத்திரை அல்லது சிரப்பை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் செத்துப்போகும்.

மருத்துவரிடம் போகும் நாளில்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். மதுரை வரை போக வேண்டி வந்தால் அரை நாள் போய்விடும். முயல் பார்த்துப் பழகிய மருத்துவரா என்று போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், விடிகாலையில் கிளம்புவது நல்லது. மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி வீட்டில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மூடினால் காற்றுப் போகாது. ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் துண்டு விரித்து, மேலே இன்னொரு துணியால் தளர்வாக மூடலாம். வெயில் நாளில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்தால், முயல் வேண்டுமானால் சாய்ந்துகொள்ளும். வழியில் தின்னப் புல்லும் வையுங்கள், முயலை மருத்துவரிடம் பட்டினியாகக் கூட்டிப் போக வேண்டியதில்லை.

கிளம்பும் முன் பின்புறத்தை முழுக்கச் சுத்தம் செய்துவிட வேண்டாம். அழுக்கு எங்கே, எவ்வளவு, என்ன நிறம் என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சுத்தம் செய்துவிட்டால், செய்வதற்கு முன் எடுத்த போட்டோவைக் காட்டுங்கள். அன்று காலை போட்ட புழுக்கையில் கொஞ்சத்தை ஒரு மூடி போட்ட டப்பாவில் எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன தீவனம், மாவோ தண்ணீரோ எது போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அங்கே பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாது.